வேப் கேட்டு வந்தவரிடம் ஊர் கேட்டேன்

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் விடியற்காலையில், தூக்கமும் விழிப்புமாகக் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், லிட்கம் புறநகரில் நான் வேலை செய்த மருந்துக் கடைக்குள் போய்விடுகிறேன். கனவில் அந்தக் கடை பூட்டியிருப்பதே இல்லை. கண்ணாடிக் கதவு தானாக ஒதுங்கும். தரையெல்லாம் மழைநாள் வெளிச்சம் கிடக்கும். கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற லாச்சிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும்; எந்த லாச்சி என்று தெரியாமல் எங்கிருந்தோ புதினா வாசம் வரும். ஆட்கள் யாரும் இல்லை. காத்திருப்போர் கதிரையில் மட்டும் ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். நான் கேள்வி கேட்பதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேன். ஒவ்வொரு முறையும் பிழையான கேள்விதான் வரும். அதோடு விழித்துவிடுவேன், எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன்.

மருந்தாளராகப் புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கிற உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள். சிகரெட்டை விட நினைக்கிற ஒருவர் முதல் தடவையாக வேப் என்கிற மின்சிகரெட் கேட்டு வந்தால் எதைக் கொடுப்பது, எந்த அளவு, எந்தக் கருவி. என்னோடு கடையில் வேலை செய்த அனுஷா ஒரு காலைப் பொழுதில் வந்து உங்களுக்கு முன்னால் பேசச் சொன்னாள். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். கருவியையும் அளவையும் பற்றி உங்களுக்குக் கையேடு தந்திருக்கிறார்கள். என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். கடைசி நாள்வரைக்கும் வேப்புக்குள் போடுகிற நிக்கொட்டின் குப்பியைத் தலைகீழாகச் செருகப்பார்த்த ஆள் நான். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு காலத்தில் இந்தச் சாமான் எல்லாப் பெட்டிக்கடையிலும் மாம்பழ வாசத்தோடும் தர்ப்பூசணி வாசத்தோடும் பளபளவென்று தொங்கியது. பிறகு சட்டம் மாறி, மருந்துக் கடையில் மட்டும்தான் விற்கலாம் என்று எங்கள் தலையில் வந்து விழுந்தது. மருந்து படித்தது புகை விற்கவா என்று ஒரு கிழமை முழுக்க வீட்டில் புறுபுறுத்தேன். என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆனால் வந்த ஆட்களைப் பார்த்தபோது என் கோபம் மெல்ல இறங்கியது. முப்பது வருடம் சிகரெட் குடித்து, தோலில் நிக்கொட்டின் பட்டை ஒட்டி, சூயிங்கம் மென்று, எல்லாவற்றிலும் தோற்றவர்கள் வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, ஏதோ கூடாத காரியம் செய்கிறவர்கள் மாதிரி வந்தார்கள். எங்களிடம் இருந்ததோ புதினா, மெந்தோல், புகையிலை என்று மூன்று வாசம்தான். மாம்பழம் தேடி வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையும் வந்தாள். வாழ்க்கையில் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை. ஹரிஸ் பார்க்கில் சாப்பிடப் போகிறபோது தோழிகள் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கிறதாம், தன் கை மட்டும் வெறுமையாக இருக்கிறதாம். உனக்குப் பொருத்தமான முதல் வேப் ஒன்றும் இல்லாததுதான் என்று அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு தடிமன் காய்ச்சலுக்குக் குளிசை வாங்க வந்தாலும் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும். அந்தத் தீர்ப்பு சுலபமானது. அதற்கு அனுபவம் எதுவும் தேவையில்லை.

தேவைப்பட்ட இடத்தில் நான் கோட்டை விட்டேன். அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து நான் முதன்முதலில் வேலை செய்த கடையின் முதலாளி. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பெரிய உடம்பு, சின்னக் குரல். மற்றவர்கள் எல்லோரும் கவுண்டருக்குப் பின்னால் நின்றுதான் நோயாளியிடம் கேள்வி கேட்போம். அவர் மட்டும் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். வந்தவருக்குப் பக்கத்தில் போய் நிற்பார். இரண்டு பேருமாக எதிரே இருக்கிற விற்றமின் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி. அப்படியே பார்த்துக்கொண்டு கேட்பார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் முகத்துக்கு ஏற்ற பதில்தான் வரும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மனிதருக்கு முழங்கால் நோவு, கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஏலாமல் சாட்டுச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வெகுகாலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஈரமான வெளிச்சத்துக்குள் மெதுவாக மிதந்து வருவதுபோலத் தெரிந்தார்கள். சிவம் அண்ணை உள்ளே வந்தார். கடைக்குப் பழைய ஆள். பிரஷர் குளிசை பத்து வருடமாக என்னிடம்தான் எடுக்கிறார். அவரோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மெலிந்த உடம்பு, மூடிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவம் அண்ணை வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறவர். தயாபரன் என்று பெயர். வீட்டில் தயா. படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் கிடந்து, கடைசியில் நிரந்தரம் கிடைத்து, மனைவியையும் மகளையும் கூப்பிட்டுவிட்டார். இன்னும் ஆறு கிழமையில் அவர்கள் வந்துவிடுவார்கள். மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"எங்கட பெடியன்தான் அக்கா. பிள்ளை வாறதுக்கு முன்னம் சிகரெட்டை விடவேணுமாம். நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ," என்றார் சிவம் அண்ணை. எங்கள் ஆட்கள் ஒரு கடைக்கு முதல் தடவை தனியே போகமாட்டார்கள், தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எனக்கும் அதில் ஒரு பெருமை. நம்பி வருகிறார்கள் என்று.

அந்தப் பெருமையோடு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி எந்த ஊர்?"

நம்மவர்களில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் வாயில் வருகிற கேள்வி அது. நீங்களும் கேட்கிறீர்கள், இங்கே பிறந்தவர்கள்கூட அம்மா அப்பாவின் ஊரை வைத்துக் கேட்கிறீர்கள், நான் கவனித்திருக்கிறேன். அவர் ஊரைச் சொன்னார். என் ஊரிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். ஊர்ப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் இன்று பின்னேரமே அவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன். யாருடைய மகன் என்றேன். எந்தப் பக்கம், வாசிகசாலைக்குக் கிழக்கா மேற்கா என்றேன். இரண்டு நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குத் தபால் கொண்டுவந்த மனிதர் அவருக்குத் தாய்மாமன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவின் சிவப்புச் சைக்கிளைப் பற்றிக்கூடச் சொன்னேன். கடையில் அந்த நேரம் கிருமிநாசினி மணக்கவில்லை, மழை விழுந்த செம்மண் மணத்தது என்று சத்தியம் செய்வேன். தயா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பில் ஒரு கதவு சாத்தப்பட்டதை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றேன். அவர் சிவம் அண்ணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அஞ்சாறு வரும் அக்கா," என்றார். அவருடைய வலது கையின் இரண்டு விரல்களும் மஞ்சள் பூசியது போல இருந்தன. அஞ்சாறு குடிக்கிறவருக்கு அந்த நிறம் வராது. காலையில் எழும்பி எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணிக்கையில் பொய் சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். பாயில் இருந்தபடியே என்றார். சரி, முப்பதுக்குக் குறையாது என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். பட்டையும் சூயிங்கமும் போட்டுப் பார்த்துத் தோற்றவர்தான். அதற்கு ஏற்ற அளவில், புதினா வாசத்தில் ஒன்றை எடுத்துக் காட்டிப் பழக்கினேன்.

இடையில் கேட்டேன்: "வேற மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ தம்பி?"

"இல்லை அக்கா. ஒண்டும் இல்லை."

விட்டுவிட்டேன். என் குற்றம் இதுதான், நன்றாகக் கவனியுங்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட கெட்டித்தனத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். ஒன்றில் பொய் சொன்னவர் இன்னொன்றிலும் சொல்லுவாரே என்று என் மூளைக்கு எட்டவில்லை. தபால்காரரின் மருமகனுக்கு என்ன வருத்தம், என்ன நோய் இருக்கப்போகிறது?

என் வேப் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாளே சிகரெட் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார் என்று சிவம் அண்ணை வந்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லோருக்கும் சொன்னேன். ஒரே அடியாக விட்டுவிட்டார், பார்த்தீர்களா என்றேன். வீட்டுக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை விமான நிலையத்தில் ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடிப்பதையும், அவர் சட்டையில் புகை மணக்காமல் இருப்பதையும் கற்பனை செய்துகொண்டு போனேன். அந்த வாரம் முழுக்க அப்படி ஒரு சுகமான மயக்கம் எனக்கு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சிவம் அண்ணை தயாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கால் நிலத்தில் ஊன்றவில்லை. கண் பாதி மூடியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்ற நினைப்பும் அவருக்கு இல்லை. நாலு நாளாக நித்திரையாம், வேலைக்குப் போகவில்லையாம், தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் ஊறுகிறதாம், காலையில் குளியலறையில் விழுந்துவிட்டாராம். "அந்த வேப்பில ஏதோ கூடிப்போச்சு போல அக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

அனுஷா அன்று என்னோடு வேலையில் இருந்தாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே அம்புலன்ஸுக்குப் போன் எடுத்துவிட்டாள். அதுதான் சரி, அதை யாருக்காகவும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். நான் தயாவை ஆலோசனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். நாடி பிடித்தேன். வேகமாக ஓடியது. நிக்கொட்டின் கூடிப்போனால் குமட்டும், வாந்தி வரும், கை நடுங்கும். இப்படி ஆளை நித்திரைக்குள் அமிழ்த்தாது. உடம்புக்குள் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அவர்களும் வேப்பைத்தான் துருவிக்கொண்டிருப்பார்கள். அவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் பேச்சே இல்லாமல் போய்விடலாம். அதற்குள் கேட்க வேண்டும்.

சிவம் அண்ணையை வாசலில் நின்று அம்புலன்ஸைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். குனிந்து கேட்டேன். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா, பயப்படாமல் சொல்லுங்கள், உயிர் விஷயம் என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதுவது கடினம். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. வாசிகசாலைச் சந்தியை, தாய்மாமனை, கல்யாண வீடுகளில் குந்தியிருந்து கதைக்கிற பெண்களை, எல்லோரையும் என் முகத்தில் பார்த்தார்.

"இல்லை அக்கா," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் சாகவும் தயார், என்னிடம் சொல்லத் தயாரில்லை. பூட்டின கதவுக்குத் திறப்பு என் கையில் இல்லை. அந்தப் பூட்டே நான்தான். சைக்கிளில் பத்து நிமிடம் என்று அளந்து, மாமனைக் கண்டுபிடித்து, நானே என்னை அவருடைய ஊராக்கிவிட்டேன். அந்த நேரத்தில் அந்தப் பழைய முதலாளியின் பெரிய முதுகு நினைவுக்கு வந்தது. விற்றமின் அலுமாரிக்கு எதிரே நிற்கிற முதுகு.

மேசையில் இருந்த போனை எடுத்து அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவசரம் என்றேன். அனுஷா கதவைத் திறந்து தலையை நீட்டி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அன்ரி, யூ ஸ்பீக் டமில்," என்றாள், நான் அதை மறந்துபோய்விட்டேனோ என்ற மாதிரி. அதுதான் பிரச்சினை என்றேன்.

தயாவின் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சுவரில் காய்ச்சல் ஊசி விளம்பரம் ஒன்று இருந்தது. என் கதிரையையும் அதே பக்கம் திருப்பி, அவருக்குச் சற்றுப் பின்னால், அவர் கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை, தன் எண்ணை மட்டும் சொன்னது. மெல்பேர்னா, பேர்த்தா, எந்தச் சமையலறையில் இருந்து பேசினாளோ தெரியாது. பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் தமிழில் சொன்னாள்.

"வணக்கம் சார். நீங்க சொல்ற எதையும் நான் வெளிய சொல்ல மாட்டேன். நீங்க யாருன்னும் எனக்குத் தெரியாது. தூக்கத்துக்கோ மனசுக்கோ மாத்திரை எதாவது எடுத்துக்கிறீங்களா?"

தமிழ்நாட்டுத் தமிழ். எங்கள் காதுக்குச் சினிமாவில் கேட்கிற தமிழ். அந்தத் தமிழுக்கு எங்கள் ஊர்ச் சந்தி தெரியாது, சிவப்புச் சைக்கிள் தெரியாது. ரயில் ஒன்று போனது. கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. நான் சுவரிலிருந்த விளம்பரத்தில் சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாய்மொழி எனக்கு முன்னால் யாரோ இரண்டு பேருக்கு நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. நான் அதில் இல்லை. அப்படி ஒரு நிம்மதியான தனிமையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

"ஓம்," என்றார் தயா. நாக்குத் தடித்திருந்தது, ஆனால் சொல் விளங்கியது. "எட்டு வருசமா எடுக்கிறனான்."

"மாத்திரையோட பேர் ஞாபகம் இருக்கா சார்?"

"க்ளோசபின்."

உங்களுக்கு இப்போது முதுகு சில்லிட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான். அந்தக் குரல் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்வரை நான் அசையவில்லை. ஒரே செய்தியை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை ஊர்க்காரப் பொம்பிளையாகக் கேட்டேன். இரண்டாம் தடவைதான் மருந்தாளராகக் கேட்டேன்.

படித்தது மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. க்ளோசபின் கடுமையான மனநோய்க்குக் கொடுக்கிற குளிசை. சிகரெட்டின் புகை, நிக்கொட்டின் அல்ல, புகைதான், ஈரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தை வேகமாகக் கரைக்கும். முப்பது சிகரெட் குடிக்கிற உடம்புக்கு ஏற்றபடி அவருக்கு அளவு வைத்திருந்தார்கள். நான் புகையை ஒரே அடியாக நிறுத்திவிட்டேன். மருந்து கரையாமல் நாளுக்கு நாள் உடம்பில் சேர்ந்துகொண்டே போனது. வேப் நன்றாக வேலை செய்ததுதான் ஆபத்தாகிவிட்டது. முதலிலேயே தெரிந்திருந்தால், அவருடைய வைத்தியரோடு பேசி, அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைத்திருக்கலாம்.

அந்தக் குளிசையை அவர் இரண்டு ரயில் மாறிப் போய் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். நம்மவர்கள் யாரும் கண்ணில் படாத இடம் என்பதற்காக. இங்கிலீசுப் பாமசிக்கு வருத்தத்தைக் கொடுத்தார், தமிழ்ப் பாமசிக்கு ஊரைக் கொடுத்தார். இரண்டு பாதியும் ஓரிடத்தில் சேரவே இல்லை.

அம்புலன்ஸ் வந்தது. மருந்தின் பெயரையும், சிகரெட் நிறுத்திய நாளையும், எத்தனை குடித்தார் என்ற என் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கின அம்புலன்ஸ் பெண் அதை ஒருமுறை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், உடனே போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லத் தொடங்கினாள். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

வாசலில் சிவம் அண்ணை மறித்தார். "என்ன வருத்தமாம் அவனுக்கு?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை; அறை கொடுத்தவர், குளியலறையில் விழுந்தவரைத் தூக்கினவர். அவரிடமே கேளுங்கோ என்றேன். பத்து வருடப் பழக்கத்தில் அவருக்கு அப்படி ஒரு பதில் நான் சொன்னதில்லை. முகம் கறுத்துப்போனது. பிரஷர் குளிசையை அதற்குப் பிறகு ஓபர்னில் வேறு கடையில் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அன்று மாலை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி மேலிடத்துக்கு அறிவித்தேன், என் பிழையையும் சேர்த்து. எழுதி முடித்துவிட்டுக் குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நீங்களும் ஒருநாள் அழுவீர்கள். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளைப் பாருங்கள்.

மூன்று கிழமை கழித்துத் தயா தனியே வந்தார். அளவு குறைத்து, இரத்தம் சோதித்து, ஆளை நிமிர்த்தி அனுப்பியிருந்தார்கள். நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேருமாக விற்றமின் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மீன் எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கையில் எடுத்து, திரும்ப அலுமாரியில் வைத்தார்.

"மனிசிக்குத் தெரியும் அக்கா. நான் ஒண்டும் மறைக்கேல்ல," என்றார் கடைசியில். "ஊருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வந்தால்..." முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அவர் எடுக்கிற எல்லா மருந்தின் பெயரும் அதில் இருந்தது. சிகரெட்டுக்குத் திரும்பவில்லையாம். வேப் இருக்கலாம், வைத்தியருக்குத் தெரியும், மெல்ல மெல்ல அதையும் குறைக்க வேண்டும் என்றாராம். அன்று நான் அவருக்கு இரண்டாம் தடவையாக ஒரு முதல் வேப் தெரிவு செய்து கொடுத்தேன். வாசம் அதே புதினாதான்.

பிறகு ஒரு நாள், மழை இல்லை, கடை முழுக்க வெயில். தயா மனைவியோடும் மகளோடும் வந்தார். பிள்ளை உயரமாக வளர்ந்திருந்தாள். தகப்பனுக்குப் பக்கத்தில் நிற்கலாமா, கொஞ்சம் தள்ளி நிற்கலாமா என்று இன்னும் முடிவு செய்யாத மாதிரி நின்றாள். பிறகு ஒரு அடி நெருங்கினாள். அவர் சட்டையில் புகை மணக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது. மனைவி கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். புதிய நாட்டில் ஒரு தமிழ் முகம். அவள் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். தயாவுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்தார்.

"அக்கா எந்த ஊர்?" என்றாள்.

சைக்கிளில் பத்து நிமிடம். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்றும், வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது அதே ஆறுதல் எவ்வளவு பயமாக மாறும் என்றும் ஒன்றாகத் தெரிந்தது.

"லிட்கம்," என்றேன்.

"அதில்லை அக்கா, சொந்த ஊர்?"

"லிட்கம்தான் அம்மா."

அவள் கை பையைக் கொஞ்சம் தளர்த்தியது. தயா அலுமாரியிலிருந்து கண்ணை எடுத்து, அந்த ஆலோசனை அறைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.